இருபத்தோராவது படம்

லா ரொமாஜெர்,
14 அக்டோபர் 2018

என் அருமைப் பேத்தி ஸொலேனுக்கு,

ஆயிரம் முத்தத்தோடு அம்மாச்சி எழுதுவது. முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடுகிறேன்.

உன் மாமா மகன் கோத்தியே ரொட்டிக்கடைப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறான். அவன் சுடுகிற பிரியோஷ் ரொட்டி என்னுடையதைவிட இரண்டு விரல் உயரம் எழும்புகிறது. ருசி அவ்வளவு இல்லை. அவன் தங்கை க்ளொத்தில்துக்கு ஷொலே நகரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவர்கள் தம்பி மத்துரின் லாரி லைசென்ஸ் வாங்கிவிட்டான். மூன்றாவது தடவையில் என்பதை நான் வெளியே சொல்வதில்லை, நீயும் சொல்லாதே.

கடைசியாக என் ஸொலேன். பதினாலு வயதில் கூடைப்பந்துப் பயிற்சி மையத்துக்கு நாடு முழுக்கத் தேடிப் பொறுக்கிய பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி. லீக் பட்டம் இரண்டு, கோப்பை ஒன்று. ஹங்கேரியில் இரண்டு வருஷம், துருக்கியில் ஒரு வருஷம். பிரான்சுச் சட்டையில் எழுபத்துமூன்று ஆட்டம். ஒரே ஆட்டத்தில் பதினாறு தடவை பந்தைக் கொடுத்து மற்றவர்களைக் கூடை போட வைத்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் யாராவது "உங்க பிள்ளைங்கல்லாம் எப்படி இருக்காங்க ரொலாந்த்?" என்று கேட்டால் இந்த வரிசையில்தான் சொல்வேன். உன்னைக் கடைசியில் வைப்பேன், சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு வைக்கிற மாதிரி.

இப்போது அந்த இடம் வந்தால் நாக்கு தடுக்குகிறது. "இப்ப எந்த ஊருக்கு ஆடுறா?" என்கிறார்கள். ஓய்வு பெற்றுவிட்டாள் என்கிறேன். சிரிக்கிறார்கள். முப்பத்துநாலு வயதில் என்ன ஓய்வு? நான் நாற்பத்தாறு வருஷம் ஷூ கம்பெனியில் தோல் தைத்து, அறுபது வயதில்தான் ஓய்வு பெற்றேன். முழங்கால் வலியா? எல்லாருக்கும்தான் வலிக்கிறது. எனக்குப் புரியவில்லை கண்ணு, அவ்வளவுதான்.

பெரிய சேதியை இன்னும் சொல்லவில்லை. நீ சின்னதில் ஆடின, கோவிலுக்குச் சொந்தமான பழைய பங்கு மண்டபத்தை இடித்துவிட்டு நகரசபை புதுக் கூடைப்பந்து அரங்கம் கட்டியது தெரியுமல்லவா? அதற்கு உன் பெயரை வைக்கிறார்கள்! டிசம்பர் எட்டாம் தேதி திறப்பு. உன் முதல் சட்டை, ஒன்பதாம் எண், என் அலமாரியில் அந்துருண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைக் கண்ணாடிக்குள் வைத்து மாட்டப் போகிறார்கள். இனி நம் கிளப்பில் யாரும் ஒன்பதைப் போடக் கூடாதாம். இது இறந்து போனவர்களுக்குச் செய்கிற மரியாதை மாதிரி இல்லையா என்று கேட்டேன். கிளப் தலைவி பிஷோன் அம்மா, "இல்லைங்க, உயிரோட இருக்கிறவங்களுக்கும் செய்வாங்க" என்றாள்.

இதற்கு உன் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குக் காது கேட்பதில்லை. குடும்பத்தில் ஒருவர் போட்டாலும் போதும் என்று பிஷோன் அம்மா சொன்னாள், நானே போட்டுவிட்டேன். சந்தோஷம்தானே?

இனி சண்டை. ஒவ்வொரு செப்டம்பரிலும் புது அணிச் சட்டையோடு உன் படம் தபாலில் வரும். இருபது செப்டம்பர், இருபது படம், வரிசையாக பீங்கான் அலமாரி மேல் நிற்கின்றன. இந்த வருஷம் அக்டோபர் பாதி போயிற்று. இருபத்தோராவது ஃபிரேமையும் ஷொலே சந்தையில் வாங்கி வைத்துவிட்டேன். உள்ளே கடைக்காரன் வைத்த யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் ஒரு புதுப் படம் அனுப்பு.

உன்
அம்மாச்சி ரொலாந்த்

✻

தார்ப்,
29 அக்டோபர் 2018

அன்புள்ள அம்மாச்சி,

நலமாக இருக்கிறேன். போன் எடுக்காததற்கு மன்னித்துவிடுங்கள்.

எனக்கு இப்போது அணி இல்லை, அதனால் படமும் இல்லை. ஒரு சைக்கிள் கடையில் வாரம் நாலு நாள் வேலை செய்கிறேன். சக்கரம் நேராக்குகிறேன். கடைக்காரர் கூடைப்பந்து பார்த்ததே இல்லை. "நீ ஏம்மா இவ்ளோ உயரம்?" என்று முதல் நாள் கேட்டதோடு சரி. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அரங்கத்துக்கு என் பெயர் வேண்டாம். முதலில் அதை மட்டும் எழுதி முடித்துவிட நினைத்தேன். ஆனால் பிஷோன் அம்மா விழாவுக்காக என்னைப் பற்றிக் கிளப்பில் இருந்த பழைய காகிதம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார். "உங்களுக்கு ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்.

அதில் 1999 மே மாதத்துக் காகிதம் ஒன்று இருக்கிறது. பயிற்சி மையம் அனுப்பியது. "உங்கள் பெண் அடுத்த வருஷமும் மையத்தில் தொடர வேண்டுமா? ஆம். இல்லை. பெண்ணைக் கலந்து பேசி நிரப்பவும்." ஆம் என்ற கட்டத்தைத் தேர்ந்து பெருக்கல் குறி. கீழே உங்கள் கையெழுத்து.

அம்மாச்சி, அந்த வருஷம் மார்ச்சில் நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இனி இங்கே இருக்க முடியாது, என்னை வந்து கூட்டிப் போங்கள் என்று. நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, நடுவில் நிறுத்தச் சட்டத்தில் இடமில்லையாம். பொறுத்துக்கொள் கண்ணு." நான் பொறுத்துக்கொண்டேன்.

சட்டத்தில் இடம் இருந்திருக்கிறது. வருஷா வருஷம் கேட்டிருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஸொலேன்

✻

லா ரொமாஜெர்,
6 நவம்பர் 2018

என் அருமை ஸொலேனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நாலு தடவை படித்தேன். முதலில் உன் மாமா மகன்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. கோத்தியே நன்றாக இருக்கிறான் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

இருபது வருஷத்துப் பழைய காகிதத்துக்கு இப்போது என்ன? சக்கரம் நேராக்குகிறாய் என்று எழுதியிருக்கிறாய். பிரான்சு அணிக்கு ஆடின பெண் சைக்கிள் சக்கரம் நேராக்குவாளா? இதை நான் கோவில் வாசலில் எந்த இடத்தில் சொல்வது, மத்துரினுக்கு முன்னாலா பின்னாலா?

அந்த மே மாதம் நடந்ததை எழுதுகிறேன். மையத்திலிருந்து ஒருத்தர் வந்தார். கால்கள் மேஜைக்கு அடியில் அடங்காத அளவு உயரம். பங்குச் சாமியாரும் கூட வந்தார், கிளப் அப்போது சாமியார் கையில்தானே இருந்தது. நான் பிரியோஷ் வைத்தேன். அந்த ஆள் மூன்று துண்டு சாப்பிட்டார். "உங்க பொண்ணு மாதிரி பந்தைப் பாக்குற கண்ணு பத்து வருஷத்துக்கு ஒண்ணுதான் வரும்மா" என்றார். சாமியார், "ஆண்டவர் குடுத்தத மூடி வெக்கக் கூடாது ரொலாந்த்" என்றார். காகிதத்தை நீட்டினார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவள் கண்ணு. சின்னச் சின்ன எழுத்து, கட்டம் கட்டமாகக் கோடு. எனக்கு என்ன புரியும்? உன் தாத்தா ஒகுஸ்த், "போடு, படிச்சவங்க சொல்றாங்கல்ல" என்றார். போட்டேன். அவரும் ஏழு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது யாரைக் கேட்பாய்?

உன் அம்மா மரிவோனைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு உனக்கு எட்டு வயது. உன் அப்பன் வேறு ஊருக்குப் போய் வேறு குடித்தனம் வைத்துவிட்டான். நாங்கள் இரண்டு கிழங்களும் உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் பங்கு மண்டபத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கேதான் முதல் தடவையாக நீ ஓடினாய். அது பொய்யா? ஒவ்வொரு படத்திலும் சிரிக்கிறாயே, அதுவும் பொய்யா? நான் தினமும் துடைத்து வைக்கிற இருபது முகமும் பொய் என்றால் நான் எதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விழாவுக்கு வா. சைக்கிள் கடையில் எடுத்த படமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று அனுப்பு.

அம்மாச்சி

✻

தார்ப்,
19 நவம்பர் 2018

அம்மாச்சி,

காகிதம் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பதினைந்து வருஷம் நம் கிளப்பின் ஆட்டக் கணக்கை மேஜையில் உட்கார்ந்து எழுதியவர் நீங்கள். இரண்டு அணி, இருபது பெண்கள், யார் எத்தனை ஃபவுல், யார் எந்த நிமிஷத்தில் உள்ளே, யார் வெளியே. அந்தத் தாளில் இருந்ததைவிடச் சின்னக் கட்டம் உலகத்திலேயே கிடையாது. ஒரு தடவை வெளியூர் நடுவர் ஒருவர் எங்கள் பெண்ணுக்கு ஐந்தாவது ஃபவுல் என்று வெளியே அனுப்பப் போனார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "அய்யா, நாலுதான் ஆச்சு. ஏழாவது நிமிஷம் நீங்க ஊதுனது எட்டாம் நம்பருக்கு. வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க, மூக்குக் கண்ணாடி நான் தரேன்." மண்டபமே சிரித்தது. அவர் வந்து பார்த்தார். நாலுதான்.

அதனால் புரியவில்லை என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

அந்த முதல் வருஷத்தைப் பற்றி நான் உங்களிடம் சொன்னதில்லை. திங்கட்கிழமை காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பார்கள். கூடினால் எல்லார் முன்னாலும் சொல்வார்கள். நீங்கள் பார்சலில் அனுப்பிய பிரியோஷை ஞாயிற்றுக்கிழமையே மற்றப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவேன். பிறகு குளியலறையில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்துத் தாளை மோந்து பார்ப்பேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை. மார்ச்சில் உங்களுக்கு எழுதினேன்.

பிறகு நல்ல காலமும் வந்தது, மறைக்கவில்லை. குழப்பமே அதுதான் அம்மாச்சி. வெறுத்தேன் என்றால் சுலபமாகப் போயிருக்கும். கோப்பை ஜெயித்த அன்று என்னைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். மேலே இருந்து பார்த்தேன், எல்லாரும் அழுகிறார்கள். எனக்கு மட்டும், இது யாருடைய ஆட்டம் என்று தோன்றியது. சிரித்தேன், ஏனென்றால் கீழே ஒருவர் கேமராவோடு "ஸொலேன், இங்க பாரு, சிரி" என்றார். இந்த வருஷம் மே மாதம் ஆட்டத்தை நிறுத்தியது முழங்காலுக்காக என்று பத்திரிகையில் சொன்னேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததா இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இருபது வருஷம் ஆடினவளுக்குத் தெரியவில்லை. வேறு ஒன்றும் செய்து பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும்?

இப்போது அரங்கத்துக்கும் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

நான் நம் கிளப்பில் ஆடிய காலத்தில் ஃபவுல் செய்தவள் மேஜையைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும், கணக்கு எழுதுகிறவருக்கு யார் என்று தெரிவதற்காக. நான் தூக்காமல் நழுவினால் நீங்கள் அங்கிருந்தே கத்துவீர்கள்: "ஒம்பது! கையத் தூக்குடி! என் பேத்தின்னா எழுத மாட்டேன்னு நெனச்சியா?"

நான் எட்டாம் தேதி வரமாட்டேன்.

ஸொலேன்

✻

லா ரொமாஜெர்,
2 டிசம்பர் 2018

ஸொலேனுக்கு,

கையைத் தூக்குகிறேன்.

காகிதம் எனக்குப் புரிந்தது. ஆம், இல்லை இரண்டும் புரிந்தது. "பெண்ணைக் கலந்து பேசி" என்ற வரியை விரல் வைத்துப் படித்தேன். உன் மார்ச் மாதக் கடிதம் அப்போது என் ஏப்ரன் பையில் மடித்து இருந்தது. சட்டத்தில் இடமில்லை என்று உனக்கு எழுதினது என் சொந்தப் பொய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. இதை நீ கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் முடியாது, நானே சொல்ல வேண்டும். உன் தாத்தா "போடு" என்று சொல்லவில்லை. செத்தவர் வந்து மறுக்க மாட்டார் என்று அவர் தலையில் வைத்தேன். அவர் சொன்னது, "அவளக் கேட்டியா?" என்று. நான் சொன்னது, "பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு என்ன தெரியும், நீ போய் முயலுக்குப் புல்லு போடு." அவர் எழுந்து போனார். அவர் போட்ட புல்லுக்கு அன்று முயல்கள் வயிறு வெடித்திருக்கும், அவ்வளவு நேரம் வெளியிலேயே நின்றார். உன்னைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். எழுதினால் வெட்கமாக இருக்கிறது. கம்பெனி முதலாளியம்மா, முப்பது வருஷம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர், நீ மையத்தில் சேர்ந்த பிறகு கோவில் வாசலில் என்னிடம் வந்து, "ஸொலேனோட பாட்டி நீங்கதானா?" என்று கை கொடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார். நீ திரும்பி வந்தால் அந்தக் கை திரும்பிப் போய்விடும் என்று பயந்தேன். அது மட்டுமில்லை, உனக்கு நல்லது என்றும் நினைத்தேன். இரண்டில் எது முன்னால் வந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே பிடிபடவில்லை. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தின அன்றைக்கு என் அப்பா என்னைக் கேட்கவில்லை. கேட்பது என்று ஒன்று உண்டென்பதே எங்கள் வீட்டில் தெரியாது.

போன வாரம் இருபது படத்தையும் மேஜைக்குக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 1998-இல் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாய். மறு வருஷத்திலிருந்து பல் தெரிகிறது. பதினெட்டு, பத்தொன்பது வருஷமும் ஒரே அளவு, ஒரே பல். இத்தனை வருஷம் துடைத்தேன், பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நகரசபைக்குப் போனேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடு என்றேன். அங்கே இருந்த பிஷோன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னங்க இது! பெயின்டர் வந்தாச்சு! பாதிப் பேரு சுவத்துல ஏறியாச்சு!"

"பாதியோட நிக்கட்டும்."

"பாதிப் பேர வெச்சுக்கிட்டு எட்டாம் தேதி மேயர் என்னத்தத் திறப்பாரு?"

"கதவத் திறக்கட்டும்," என்றேன். "பழைய மண்டபத்துல இவ்ளோ நாளும் அதத்தானே திறந்தீங்க."

வீட்டிலிருந்து என் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது பாதிப் பெயரை மறைத்துக்கொண்டு சுவரில் அது தொங்குகிறது. ஊரே எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்கிறது. கோத்தியேகூட, "அம்மாச்சி, டாக்டரப் பாக்கலாமா?" என்றான். எண்பத்தொரு வயதில் ஒரே ஒரு தடவை சரியாக நடந்தால் டாக்டரைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னும் கேள். கிளப்பில் அனூக் என்று ஒரு பெண், பதிமூன்று வயது, இடது கைக்காரி. அவளை மையத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். அவள் அம்மா யோசனை கேட்க என்னிடம் வந்தாள். நான் பெரிய ஞானி மாதிரி, "அவளக் கேளுங்க" என்றேன். அங்கேயே கேட்டாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கி, "தெரியல" என்றது. மூன்று தடவை கேட்டும் "தெரியல." அம்மாவுக்கு என் மேல் கோபம். நானும் குழம்பிப் போனேன். கேட்டால் பதில் வரும் என்று நினைத்திருந்தேன். அந்த மே மாதம் உன்னைக் கேட்டிருந்தால் நீயும் தெரியல என்றுதான் சொல்லியிருப்பாயோ என்னவோ. அப்போதும் நான் ஆம் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் நீ சொன்னது ஒரு காகிதத்திலாவது இருந்திருக்கும்.

உன் ஒன்பதாம் எண்ணை நான் கண்ணாடிக்குள் கொடுக்கவில்லை. துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன். யாராவது போடலாமா கூடாதா என்பதும் உன் பாடு.

இதோடு நகரசபைக் காகிதத்தை வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், பக்கத்திலேயே இடம் இருக்கிறது. ஆம் போடு, இல்லை போடு, அடுப்பில் போடு. ஒன்றும் போடாமல் பத்து வருஷம் வைத்திருந்தாலும் சரி, விரிப்பு நல்ல கனமான துணி, தாங்கும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஃபவுல் செய்தவளே நடுவரிடம் போய் இதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கக் கூடாது. எழுதினது எழுதினதுதான்.

இருபது படத்தையும் மறுபடி அலமாரி மேல் வைக்கவில்லை. பெட்டியில் இருக்கின்றன, உனக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன். இருபத்தோராவது ஃபிரேம் மட்டும் மேலே நிற்கிறது. கடைக்காரன் வைத்த பெண்ணை எடுத்துவிட்டேன்.

உனக்குத் தோன்றினால், தோன்றுகிற வருஷத்தில், சைக்கிள் கடையில் அந்த ஆளை ஒரு படம் எடுக்கச் சொல். சட்டை எதுவானாலும் சரி. கையில் எண்ணெய் இருந்தால் இருக்கட்டும். அவர் சிரிக்கச் சொன்னால் மட்டும் சிரிக்காதே. உனக்காக வந்தால் சிரி, வராவிட்டால் வராத முகத்தையே தபாலில் அனுப்பு.

அம்மாச்சி ரொலாந்த்